டீசல் காரின் வயிற்றுக்குள் இத்தனை அதிசயங்களா? தெரியுமா உங்களுக்கு!

சாவியைத் திருப்புகிறோம், கார் உறுமுகிறது, கிளம்பிவிடுகிறோம். பானெட்டுக்கு அடியில் என்னதான் நடக்கிறது? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடுகிறது என்றால், வினாடிக்கு 66 வெடிப்பு! ஒவ்வொரு வெடிப்புக்கும் டீசலை ஐந்து தவணையாகப் பீய்ச்சினால், வினாடிக்கு 330 பீய்ச்சல்! நீங்கள் ஒரு தும்மல் போட்டு முடிப்பதற்குள் இத்தனையும் நடந்துவிடுகிறது.

இதோடு முடியவில்லை. அத்தனை வெடிப்பிலும் கிளம்பும் புகையைப் பிடித்து, வடிகட்டி, எரித்து, நஞ்சை முறித்து வெளியே அனுப்ப ஒரு குட்டித் தொழிற்சாலையே காருக்கு அடியில் தொங்குகிறது. 'செக் இன்ஜின்' விளக்கு எரியும்போது நாம் வாய்க்கு வந்தபடி திட்டுவது பெரும்பாலும் அந்தத் தொழிற்சாலையைத்தான். ஒரு தடவை அதற்குள் போய்ப் பார்த்துவிட்டால் திட்ட மனசே வராது. வாங்க, போய்ப் பார்ப்போம்!

தீக்குச்சியே இல்லாமல் தீப்பிடிக்கும், தெரியுமா?

பெட்ரோல் இன்ஜினில் பொறி தட்ட ஸ்பார்க் பிளக் இருக்கிறது. டீசலில் அது கிடையவே கிடையாது! சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு ரகசியம் புரியும். பத்து முறை அழுத்தினால் பம்பின் அடிப்பாகம் சுடுமே, அதே சூடுதான். காற்றைப் பதினாறில் ஒரு பங்காக நசுக்கினால் சூடு 500 டிகிரி செல்சியஸையும் தாண்டும். அதில் டீசல் துளி பட்டால் போதும், தானாகப் பற்றிக்கொள்ளும்.

இந்த வித்தையை 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டியவர் ருடால்ஃப் டீசல். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் எதில் ஓடியது தெரியுமா? கடலை எண்ணெயில்! 1913 செப்டம்பரில், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் இரவு அறைக்குப் போன ருடால்ஃப் டீசலை மறுநாள் காலையில் காணவில்லை. கடலில் விழுந்தது எப்படி என்பது இன்றுவரை விடுவிக்கப்படாத மர்மம்.

ஆழ்கடலையும் மிஞ்சும் அழுத்தம், தெரியுமா?

கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் இரண்டு பாருக்குக் கொஞ்சம் மேல். உலகின் மிக ஆழமான மரியானா அகழியின் அடியில் தண்ணீரின் அழுத்தம் சுமார் 1,100 பார். இன்றைய டீசல் கார்களின் எரிபொருள் குழாயிலோ 2,000 பார்வரை போகிறது! அவ்வளவு அழுத்தத்தில் டீசல் எதன் வழியாக வெளியே வருகிறது? ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே உள்ள துளை வழியாக. பீய்ச்சும்போது திரவம் போல் வராது, பனிப்புகை போல் வரும்.

'காமன் ரெயில்' என்ற இந்த முறை பயணிகள் காரில் முதன்முதலாக வந்தது 1997-இல், ஆல்ஃபா ரோமியோ 156 காரில். பழைய டீசல் கார்களின் அந்த 'டக டக' சத்தம் இப்போது குறைந்தது ஏன்? பெரிய பீய்ச்சலுக்கு முன்னால் துளியூண்டு டீசலை விட்டு அறையைத் தயார்ப்படுத்துகிறார்கள். சமைக்கும் முன் தாளிப்பு போல!

டீசலைப் பீய்ச்சும் அந்த நுண் துளையில் கொஞ்சம் தூசி, ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் போதும். பீய்ச்சல் சிதறும், கரி கூடும், ஐட்லிங்கில் வண்டி நடுங்கும். டீசல் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றச் சொல்வது இதனால்தான்.

ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஜாதகம் உண்டு, தெரியுமா?

டீசலைப் பீய்ச்சும் கருவிதான் இன்ஜெக்டர். ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில் செய்த இரண்டு இன்ஜெக்டர்கள்கூட அச்சு அசலாக ஒரே அளவு டீசல் விடாது. அதனால் ஒவ்வொன்றையும் சோதித்து, அதன் குணத்தை எழுத்தும் எண்ணுமாக அதன் தலையிலேயே பொறித்துவிடுகிறார்கள். அந்தக் குறியீட்டை காரின் மூளையான இசியு-வில் ஏற்றினால்தான், "முதல் சிலிண்டர்காரன் கொஞ்சம் தாராளம், மூன்றாவது ஆள் கஞ்சன்" என்று அது தெரிந்துகொண்டு கணக்கைச் சரிசெய்யும்.

புது இன்ஜெக்டர் போட்ட பிறகும் வண்டி நடுங்குகிறதா? குறியீட்டை ஏற்றினார்களா என்று முதலில் கேளுங்கள். டீசல் காரில் 'ட்யூனிங்' என்பதன் முதல் பாடமே இதுதான்.

ஒன்றை அமுக்கினால் இன்னொன்று எழும்பும், தெரியுமா?

டீசல் புகையில் இரண்டு வில்லன்கள். ஒன்று கரி. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு. நாம் மூச்சிழுக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். சாதாரணமாக அது சாது. எரியறையின் கொடும் வெப்பத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்தால் நஞ்சாக மாறிவிடுகிறது.

வேடிக்கை என்ன தெரியுமா? வெப்பத்தைக் கூட்டி நன்றாக எரித்தால் கரி குறையும், நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். வெப்பத்தைக் குறைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு இறங்கும், கரி ஏறும். ஏற்றப்பலகையின் இரண்டு முனையிலும் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது போல! காருக்கு அடியில் இருக்கும் அத்தனை கருவிகளும் இந்த இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் அடக்கத்தான் படாதபாடு படுகின்றன.

கார் தன் புகையைத் தானே குடிக்கும், தெரியுமா?

ஆமாம்! வெளியே போக வேண்டிய புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்ஜினுக்குள்ளேயே விடும் வால்வுக்குப் பெயர் இஜிஆர். அந்தப் புகையில் ஆக்சிஜன் குறைவு. அதனால் எரியறையின் உச்ச வெப்பம் தணிகிறது, நைட்ரஜன் ஆக்சைடு அடங்குகிறது.

சிக்கல் எங்கே வருகிறது? புகையோடு வரும் கரியும், இன்ஜினிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து பிசுபிசுவென்று தார் மாதிரி படியும். கழற்றிப் பார்த்தால், பல வருடம் விறகடுப்பில் வைத்த பாத்திரத்தின் அடி போல இருக்கும். வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டால் பிக்கப் செத்துவிடும், கறும்புகை கிளம்பும். மூடியபடி மாட்டிக்கொண்டால் ஓட்டத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. நஞ்சு மட்டும் சத்தமில்லாமல் கூடும். 'இஜிஆரை அடைத்துவிட்டேன், வண்டி பறக்குது' என்பவர்களின் பின்னால் இருசக்கர வாகனத்தில் வருபவர்தான் அந்த நஞ்சைக் குடிக்கிறார்.

தேன்கூட்டுக்குள் 600 டிகிரி நெருப்பு, தெரியுமா?

கரியை வடிகட்டும் டிபிஎஃப் என்பது பீங்கான் மாதிரியான பொருளில் செய்த தேன்கூடு. ஆயிரக்கணக்கான நுண் குழாய்கள். ஒரு குழாய்க்கு வாசல் அடைப்பு, அடுத்த குழாய்க்குக் கொல்லைப்புறம் அடைப்பு. உள்ளே வந்த புகை சுவரின் நுண்துளை வழியாகக் கசிந்துதான் வெளியேற முடியும். கரி சுவரிலேயே தங்கிவிடும். 2000-ஆவது ஆண்டில் வந்த பெஜோ 607 காரில் முதன்முதலாக இது நிரந்தர அங்கமானது.

கரி சேர்ந்துகொண்டே போனால் அடைத்துக்கொள்ளாதா? அதற்குத்தான் ரீஜெனரேஷன்! சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை, கூடுதலாகக் கொஞ்சம் டீசலைச் செலவழித்து, வடிகட்டியை 600 டிகிரிக்குச் சூடாக்கி, கரியை எரித்துவிடும். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காது. ஆனால் அடையாளம் காட்டும். ஐட்லிங் கொஞ்சம் ஏறும், மைலேஜ் சட்டென்று இறங்கும், வண்டியை நிறுத்திய பிறகும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு மாதிரி சூட்டு வாடை வரும். 'என்னவோ கோளாறு' என்று பதற வேண்டாம். அந்த நேரத்தில் மட்டும் வண்டியை அணைக்காமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. நம் கிராமத்துச் சாலைகளில் கொள்ளும் உளுந்தும் செடியோடு காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் ஓட்டிப்போனால் காய்ந்த சருகு காருக்கு அடியில் சுற்றிக்கொள்ளும். மேலே 600 டிகிரி! இறங்கிக் குனிந்து பார்த்துச் சருகை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் நகர வேண்டும்.

இன்ஜின் ஆயில் தானாகக் கூடும், தெரியுமா?

ஆயில் குறைவது தெரிந்த கதை. கூடுவது? நடக்கிறது! வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளியிலிருந்து காய்கறிக் கடை என்று இரண்டு மூன்று கிலோமீட்டரிலேயே வண்டியை அணைத்துக்கொண்டிருந்தால் ரீஜெனரேஷன் பாதியில் நின்றுபோகிறது. கரியை எரிக்கக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலந்துவிடுகிறது. டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் மேல்கோட்டுக்கும் மேலே நிற்கும், டீசல் வாடை அடிக்கும். 'அடடா, ஆயில் குறையவே இல்லை' என்று சந்தோஷப்படாதீர்கள். நீர்த்துப்போன ஆயிலில் டர்போ ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த டர்போவோ நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது! உடனே ஆயிலை மாற்றுங்கள்.

மாற்றும்போது காரின் கையேட்டில் சொன்ன ரகத்தையே ஊற்றுங்கள். டிபிஎஃப் கார்களுக்குச் சாம்பல் குறைந்த தனி ஆயில் இருக்கிறது. ஏனென்றால் கரி எரியும், ஆயில் தரும் சாம்பல் எரியாது. அது தேன்கூட்டிலேயே தங்கித் தங்கி நிரந்தரமாக அடைத்துவிடும்.

வயலுக்குப் போடும் யூரியாதான் காருக்கும் மருந்து, தெரியுமா?

நீல மூடி போட்ட தனித் தொட்டியில் ஊற்றுகிறோமே, டெஃப் அல்லது ஆட்ப்ளூ, அதில் இருப்பது 32.5 விழுக்காடு யூரியா. மிச்சமெல்லாம் சுத்திகரித்த தண்ணீர். சூடான புகைக்குழாயில் அதைத் தெளித்தால் அம்மோனியா பிறக்கிறது. அங்கே இருக்கும் வினையூக்கியின் மேல் அம்மோனியா நைட்ரஜன் ஆக்சைடோடு மோதினால் கடைசியில் கிடைப்பது என்ன? வெறும் நைட்ரஜனும் நீராவியும்! நஞ்சு உள்ளே போய்க் காற்றும் தண்ணீருமாக வெளியே வருகிறது. வேதியியல் வாத்தியார் மேசையில் செய்து காட்டும் மாயத்தை ஒரு கார் ஓடிக்கொண்டே செய்கிறது.

'யூரியா மூட்டை வீட்டிலேயே இருக்கிறதே, கரைத்து ஊற்றினால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது! 2015 முதல் நம் நாட்டு உர யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று விதி. அந்தப் பூச்சும், சாதாரணத் தண்ணீரில் இருக்கும் உப்பும் வினையூக்கியைக் கெடுத்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, மறதியில் டெஃப்பை டீசல் தொட்டியில் ஊற்றிவிடுவது. ஊற்றிவிட்டால் சாவியையே தொடாதீர்கள். ஸ்டார்ட் செய்யாதவரை தொட்டியைக் கழுவினால் போதும். செய்துவிட்டால் பம்பு, ரெயில், இன்ஜெக்டர் வரை செலவு நீளும்.

கந்தகம் 500-லிருந்து 10-க்கு இறங்கிய கதை, தெரியுமா?

இத்தனை கருவிக்கும் ஒரு பொது எமன், டீசலில் இருக்கும் கந்தகம். நம் நாட்டு மாசு விதியான பிஎஸ்-2 காலத்தில் பத்து லட்சத்தில் 500 பங்கு இருந்தது. பிஎஸ்-3-இல் 350, பிஎஸ்-4-இல் 50. பிஎஸ்-6-இல் வெறும் 10! பிஎஸ்-5 என்ற படியையே தாண்டிக் குதித்து, 2020 ஏப்ரல் 1 அன்று நாடு முழுக்க பிஎஸ்-6-க்கு மாறினோம். டீசல் காருக்கு அனுமதித்த நைட்ரஜன் ஆக்சைடும் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80-க்கு இறங்கியது.

ஸ்டியரிங்கை வைத்தே கார் பொய் சொன்னது, தெரியுமா?

ஆய்வகத்தில் காரை உருளைகள்மேல் ஏற்றிப் புகையைச் சோதிப்பார்கள். சக்கரம் சுழலும், ஸ்டியரிங் மட்டும் திரும்பாது. இதைத்தான் ஃபோக்ஸ்வாகன் காரின் மென்பொருள் மோப்பம் பிடித்தது! ஸ்டியரிங் நிலை, வேகம், ஓடும் நேரம், காற்றழுத்தம் எல்லாவற்றையும் பார்த்து, 'ஓ, பரீட்சை நடக்கிறது' என்று புரிந்துகொண்டு நல்ல பிள்ளையாக ஓடியது. சாலைக்கு வந்ததும் பழைய ஆட்டம்!

கண்டுபிடித்தது யார்? அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சின்னக் குழு. டான் கார்டர் தலைமையில், இந்தியாவிலிருந்து போன அரவிந்த் திருவேங்கடமும் ஹேமந்த் கப்பண்ணாவும், கூடவே மார்க் பெஷும். காரின் பின்பக்கம் அளவுக் கருவிகளை ஏற்றிக்கொண்டு, லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டில் வரை நிஜச் சாலையில் ஓட்டினார்கள். அவர்கள் சோதித்த ஒரு ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா கார், சட்டம் அனுமதித்ததைப் போல 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு கக்கியது!

2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குற்றச்சாட்டை வெளியிட்டது. உலகம் முழுக்க 1.1 கோடி கார்களில் அந்த மென்பொருள் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. இந்தியாவில் மட்டும் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள்.

அதைவிட ஆச்சரியம் ஒன்று. 1998-லேயே ஏழு லாரி இன்ஜின் நிறுவனங்கள் இதே மாதிரி ஏமாற்றியதாக அமெரிக்காவில் மாட்டின. அப்போது ஏற்பட்ட உடன்பாட்டின் பேரில்தான் வண்டியில் ஏற்றி அளக்கும் கருவியை இதே பல்கலைக்கழகம் உருவாக்கியது. பழைய திருட்டைப் பிடிக்க வளர்த்த கலை, புதிய திருட்டையும் பிடித்தது! இந்தியாவிலும் 2023 ஏப்ரல் முதல் புதுக் கார்களை நிஜச் சாலையில் ஓட்டிப் பார்த்துத்தான் தேர்ச்சி தருகிறார்கள்.

5.5 லட்சம் வண்டி, 90 லட்சம் வண்டியாகும் கணக்கு, தெரியுமா?

'மேப் மாற்றிக் கொடுக்கிறோம், பிக்கப் கூடும்' என்று ஆசை காட்டுவார்கள். பிக்கப் கூடுவது உண்மைதான். எந்தச் சுற்றில், எந்தச் சுமையில், எவ்வளவு டீசல் என்று இசியு-வில் இருக்கும் அட்டவணையைத் திருத்தி எழுதுகிறார்கள். காற்றுக்கு மிஞ்சி டீசல் போனால் கரி கூடும். கரி கூடினால் டிபிஎஃப் சீக்கிரம் அடைக்கும். அப்புறம் என்ன, 'டிபிஎஃப்பையே எடுத்துவிடலாம் சார்' என்பார்கள்.

அமெரிக்காவில் பத்தாண்டுக்குள் 5.5 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் இப்படிக் கருவிகளைப் பிடுங்கியிருப்பதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 2020-இல் கணக்கிட்டது. அதனால் கூடுதலாகக் கிளம்பிய நைட்ரஜன் ஆக்சைடு, ஒழுங்கான 90 லட்சம் வண்டிகளைப் புதிதாகச் சாலையில் இறக்கியதற்குச் சமமாம்! பிரிட்டனில் 2014 பிப்ரவரி முதல், டிபிஎஃப் இருக்க வேண்டிய காரில் அது இல்லை என்றால் ஆண்டுச் சோதனையிலேயே தோல்விதான்.

நம் ஊர்ப் புகைச் சான்று நிலையத்தில் டீசல் காருக்கு அளப்பது புகையின் அடர்த்தியைத்தான். கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு அதில் சிக்காது. அதனால் சான்றிதழ் கையில் இருக்கிறது என்பதோடு நம் பொறுப்பு முடிந்துவிடவில்லை.

ஒரு ரப்பர் குழாய் ஒன்றரை லட்சம் கேட்கும், தெரியுமா?

இது என் அனுபவம். நான்கு வருடம் ஓடிய என் காரில் ஒரு மழைநாளில் டிபிஎஃப் விளக்கு எரிந்தது. முதலில் போன பட்டறையில், "ஃபில்டர் போயிடுச்சு சார், ஒன்றரை லட்சம் ஆகும். இல்லேன்னா வெட்டி எடுத்துட்டு மேப் மாத்திடலாம்" என்றார்கள். மனசு கேட்கவில்லை. வேறொரு பட்டறைக்குப் போனேன்.

அங்கே இருந்த பெரியவர் இன்ஜினை அணைத்து, இக்னிஷனை மட்டும் போட்டு ஸ்கேனரைப் பார்த்தார். "வண்டி ஓடலை. அப்போ ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் சைபர் காட்டணும் தம்பி. காட்டுது. சென்சார் நல்லாருக்கு" என்றார். பிறகு ஃபில்டரிலிருந்து சென்சாருக்குப் போகும் விரல் பருமன் ரப்பர் குழாயை மெல்ல வளைத்தார். மடிப்பில் நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு வாய் திறந்தது. சுற்றிலும் மை தீட்டியது போலக் கரி. அழுத்தம் அங்கேயே கசிந்துபோக, சென்சார் ஒன்று சொல்ல, கம்ப்யூட்டர் கணக்கு வேறொன்று சொல்ல, குழம்பிப்போய் ரீஜெனரேஷனையே நிறுத்திவைத்திருந்தது கார். சில நூறு ரூபாய்க் குழாய்! மாட்டி, ஸ்கேனர் மூலம் ஒருமுறை கரியை எரியவைத்தார். விளக்கு அணைந்தது.

"விளக்கு எரியுதுன்னா ஃபில்டர் தப்புன்னு இல்ல தம்பி, ஃபில்டர் நம்மகிட்ட பேசுதுன்னு அர்த்தம்" என்றார் அவர்.

டிபிஎஃப் அடைக்கிறது என்றால் முதலில் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: திறந்தே மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகாவிட்டால் ரீஜெனரேஷன் தொடங்காது), அழுக்கேறிய காற்றளவு சென்சார், டர்போ குழாயில் கசிவு, ஒழுகும் இன்ஜெக்டர். அடைப்பு பெரும்பாலும் விளைவு. காரணம் முன்னால் எங்கோ உட்கார்ந்திருக்கும்.

கடைசியாக ஒன்று, தெரியுமா?

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012 ஜூனில் உறுதிபட அறிவித்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் அதே முதல் பட்டியலில்! நம் தலைமுடியின் பருமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத கரித்துகள்கள் நுரையீரலின் அடியாழம்வரை போய்த் தங்கிவிடுகின்றன.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டிபிஎஃப்பின் மஞ்சள் விளக்கு எரிந்தால் பதறாதீர்கள், கருவியைப் பிடுங்கவும் ஓடாதீர்கள். முதலில் புறவழிச்சாலையில் இருபது நிமிடமாவது சீரான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அணையவில்லையா, ஸ்கேனரும் பொறுமையும் இரண்டும் உள்ள ஒரு மெக்கானிக்கிடம் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். உங்கள் காருக்குப் பின்னால் சிக்னலில் நிற்கும் பள்ளி ஆட்டோவுக்குக் கண்ணாடி ஜன்னல் கிடையாது.